உப்புக் காற்றில் ஒரு பழைய சீடியா: தேய்ந்த சஸ்பென்ஷனுக்கு எதைப் போடுவது?

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், கடலிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கும் எங்கள் வீட்டில் 2007ஆம் ஆண்டு பதிவான மிட்சுபிஷி லான்சர் சீடியா ஒன்று நிற்கிறது. திருவள்ளூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து இரண்டு லிட்டர் பெட்ரோல் இன்ஜினுடன் வெளிவந்த வண்டி இது. நான்கு கதவுகள் இருப்பதால் இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று ஏற்க மறுப்பவர்கள் உண்டு. ஆனால் இந்திய ராலிப் போட்டிகளில் பல ஆண்டுகள் ஓடிப் பெயர் வாங்கிய வண்டி இது என்பதும், ஸ்டீயரிங்கைப் பிடித்த கைக்குச் சாலையை அப்படியே சொல்லும் குணம் இதற்கு உண்டு என்பதும் ஓட்டியவர்களுக்குத் தெரியும். சக்கரங்களுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையில் உள்ள ஸ்பிரிங், அதன் ஆட்டத்தை அடக்கும் ஷாக், மூட்டு ரப்பர்கள் எல்லாம் சேர்ந்த சஸ்பென்ஷன் தேய்ந்து, அந்தக் குணம் போய்விட்டது என்பதுதான் என் கவலை. அதை மீட்க எந்த வழியில் போவது என்று பல மாதங்கள் யோசித்து, விசாரித்து, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இதே நிலையில் பழைய வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு கடற்கரையில் குடியிருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், ஒவ்வொரு வழியையும் எடை போட்டு இங்கே எழுதுகிறேன்.

முதலில் வண்டியின் நிலை. பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறினால், பாலத்தின் துண்டுகள் சேரும் ஒவ்வொரு எக்ஸ்பான்ஷன் ஜாயிண்டிலும் முன்சக்கரத்துக்கு ஒரு சத்தம், பின்சக்கரத்துக்கு ஒரு சத்தம் என்று இரண்டு மட்டுமே கேட்க வேண்டும். என் வண்டியில் ஒவ்வோர் இடிக்கும் பின்னால் "லொடக்" என்று இன்னொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. வேகம் கூடினால் முன்பக்கம் மிதந்தது. பக்கவாட்டுக் காற்று அடித்தால் ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ராமநாதபுரத்தில் முப்பது ஆண்டுகளாக அண்டர் சேஸி வேலை மட்டுமே பார்க்கும் ஃபிட்டர் ஒருவரிடம் கொண்டுபோனேன். போனட்டை அழுத்திவிட்டு ஆட்டம் எத்தனை முறை வருகிறது என்று அவர் பார்க்கவே இல்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ்ஷுக்கும் (மூட்டில் உள்ள ரப்பர் உருளை) சேஸிக்கும் இடையில் ஒரு நெம்புகோலைக் கொடுத்து மெல்ல அழுத்தினார். ரப்பர் வாய் திறப்பதுபோலப் பிளந்தது. உள்ளிருந்து செம்மண்ணைப் போலத் துருத்தூள் உதிர்ந்தது.

"தம்பி, ஷாக்கு போனது இருக்கட்டும். மொதல்ல இந்த ரப்பரப் பாருங்க. இது இப்புடி இருக்கையில நீங்க என்ன ஷாக்கப் போட்டாலும் வண்டி நேராப் போகாது."

"அப்ப ஷாக்கு நல்லாயிருக்காண்ணே?"

"அதுவும் போச்சு. ஆனா வரிசை இருக்குல்ல."

முதலில் ரப்பர், பிறகுதான் ஷாக் என்று அவர் சொன்ன வரிசைதான் இந்தக் கட்டுரைக்கே அடிப்படை. முன்பக்கம் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக அமைந்த ஸ்ட்ரட் இரண்டிலும் எண்ணெய் கசிந்து புழுதி படிந்திருந்தது. வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்க்குகள் ஆடின. பின் காயில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, அது உட்காரும் கிண்ணத்துக்குள், பாளம் பாளமாகத் துருப்பிடித்திருந்தது. டயர்களின் உட்புற ஓரம் ஓர் இடத்தில் மேடும் ஓர் இடத்தில் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தது. சக்கரம் தரையோடு ஒட்டி ஓடாமல் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது என்பதற்கு அந்தத் தேய்மானமே போதிய சான்று.

இந்த இடத்தைப் பற்றிச் சொல்லாமல் எந்த வழி நல்லது என்று பேச முடியாது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகங்கள் கடற்காற்றில் எப்படி அரிக்கப்படுகின்றன என்று சோதிப்பதற்கான நிலையத்தை மண்டபத்தில்தான் வைத்திருக்கிறது. துருவைப் படிப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த ஊரில் நாங்கள் கார் வைத்திருக்கிறோம். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாக மாறுகிறது. கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால், அதைவிடக் குறைந்த ஈரத்திலும் அது பிசுபிசுக்கத் தொடங்கிவிடுகிறது. மழையே பெய்யாத வைகாசியில் கூட, விடியற்காலை வண்டிக்கு அடியில் கைவைத்தால் நனைந்திருக்கும். அந்த ஈரத்தை நாக்கில் வைத்தால் கரிக்கும். ஆனி, ஆடியில் சோழகக் காற்று வீசும்போது, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017இல் திறக்கப்பட்ட சாலையில் மணல் புரண்டு வந்து குறுக்கே படுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் பெண்கடல் எனப்படும் பாக் நீரிணை சாதுவாகக் கிடக்க, மறுபக்கம் ஆண்கடல் எனப்படும் மன்னார் வளைகுடா அலையடித்துத் தெறிக்கும் சாரல் முழுவதும் வண்டியின் அடிப்பக்கத்தில்தான் போய்ச் சேரும். இங்கே எந்தப் பாகத்தைத் தேர்ந்தெடுத்தாலும், உப்பும் மணலும் அதில் எங்கே போய்த் தங்கும் என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். கோயம்புத்தூரில் இருக்கும் நண்பர் ஒருவருக்குச் சரியாக அமைந்த தேர்வு எனக்குச் சரிப்படாமல் போவதற்குக் காரணமும் இதுவே.

என் முன் இருந்த வழிகளில் மிக மலிவானது, பழைய ஷாக்குகளையே கழற்றிக் கொடுத்து, எண்ணெயும் சீலும் மாற்றி வாங்கிக்கொள்வது. இதை நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. ஷாக்கின் தண்டு கடின குரோமியப் பூச்சு கொண்டது. அந்தப் பூச்சில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துருப்புள்ளி விழுந்துவிட்டால் போதும், ஒவ்வொரு முறை உள்ளே போய் வெளியே வரும்போதும் அது சீலின் உதட்டை அரம்போல அராவிவிடும். என் தண்டுகளில் நகத்தால் தடவினாலே புள்ளிகள் இடறின. அதில் புதுச் சீல் போட்டு என்ன பயன்? உதிரிபாகமே கிடைக்காத மிகப் பழைய வண்டிக்கு, தண்டையும் மாற்றிக் கட்டித்தரும் திறமையான பட்டறை கிடைத்தால் இந்த வழி பொருந்தலாம், மற்றபடி வேண்டாம்.

அடுத்தது, கம்பெனியில் வந்த அதே உயரம், அதே தன்மை கொண்ட புது ஷாக்குகளைப் போடுவது. கேஒய்பி, மன்றோ போன்ற பெயர்களில், பல வண்டிகளுக்கும் பாக எண் பார்த்து வாங்கக்கூடிய வாயு நிரப்பிய இரட்டைக் குழாய் ஷாக்குகள் இந்த வகையைச் சேர்ந்தவை. இதை "அப்கிரேடு" என்று சொல்ல இளைஞர்கள் தயங்குகிறார்கள். ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடித் தளர்ந்த ஷாக்கோடு ஒப்பிட்டால், புது ஷாக் தரும் மாற்றம் வேறெந்த மேம்பாட்டையும் விடப் பெரியது. இந்த வண்டி புதிதாக இருந்தபோது எப்படி ஓடியது என்பது நம்மில் பலருக்கு மறந்தே போய்விட்டது. தேய்ந்த நிலையையே அதன் இயல்பு என்று எண்ணி, அதிலிருந்து எவ்வளவு கடினமாக்கலாம் என்று கணக்குப் போடுகிறோம். இரட்டைக் குழாய் அமைப்பில் இன்னொரு நன்மை உண்டு. வெளிக்குழாயில் கல் பட்டுச் சிறிய நெளிவு விழுந்தாலும், பிஸ்டன் ஓடுவது உட்குழாயில் என்பதால் வேலை கெடுவதில்லை. சாயல்குடிப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கி, சீமைக் கருவேலங்காட்டு வழியே சரளைப் பாதையில் போகிறவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. குறை என்னவென்றால், குண்டும் குழியுமான பாதையில் நெடுநேரம் வேகமாக ஓட்டினால் எண்ணெய் சூடேறி, அதில் நுரை தோன்றி, பிடிப்பு சற்றே தளரும். வாயு அழுத்தம் அதைக் குறைக்கும், முழுவதும் தடுக்காது.

மூன்றாவது வழி, கம்பெனி உயரத்து ஸ்பிரிங்கை மாற்றாமல், ஷாக்கை மட்டும் ஸ்போர்ட்ஸ் வகைக்கு உயர்த்துவது. எனக்கு மனத்தளவில் மிகவும் பிடித்த வழி இதுதான். பில்ஸ்டைன் நிறுவனம் தன் வரிசையில் பி6 என்பதை மூல உயரத்து ஸ்பிரிங்குக்கும், பி8 என்பதைத் தாழ்த்திய ஸ்பிரிங்குக்கும் என்று பிரித்து வைத்திருப்பதிலிருந்தே, உயரத்தைக் குறைக்காமல் ஓட்டத்தை இறுக்குவது தனியொரு தேவை என்பது புரியும். இவை ஒற்றைக் குழாய் வகை. வாயுவும் எண்ணெயும் ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரிக்கப்பட்டிருப்பதால் நுரைக்கு இடமில்லை. குழாயின் சுவரே வெளிக்காற்றைத் தொடுவதால் சூடும் விரைவில் இறங்கும். கோனியின் மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் வகையில், ஷாக் விரியும்போது கொடுக்கும் தடையை மட்டும் திருகிக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அமுங்கும்போது உள்ள தடை மாறாமல் இருப்பதால், பள்ளத்தில் விழும் இடி கூடாமல், எழுந்த உடலை அடக்கிவைக்கும் திறன் மட்டும் கூடுகிறது. ராமநாதபுரத்திலிருந்து பரமக்குடி போகும் 87ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், மேம்பாலச் சரிவில் இறங்கி வளைவுக்குள் நுழையும்போது, வண்டி ஒரே முறை அமர்ந்து அங்கேயே நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நேரான விடை கிடையாது.

ஆனால் இரண்டு தயக்கங்கள். ஒற்றைக் குழாயில் பிஸ்டன் வெளிச்சுவரிலேயே ஓடுவதால், கல் பட்டு நெளிந்தால் அந்த ஷாக்கின் ஆயுள் முடிந்தது. மற்றொன்று, இந்தியாவில் விற்பனை நிறுத்தப்பட்ட ஒரு வண்டிக்கு இவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கிறது. பழுதானால் ஒரு பக்கத்துக்கு மட்டும் வேறு வகையைப் போட முடியாது. ஒரே அச்சின் இரண்டு பக்கமும் ஒரே வகையாகவும் ஒரே வயதாகவும் இருக்க வேண்டும். ஆதலால் ஒன்று போனால் வண்டி மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும்.

இனி, எல்லாரும் முதலில் கேட்கும் வழி: தாழ்த்தும் ஸ்பிரிங். இதைப் பற்றி விரிவாக எழுத எனக்குக் காரணம் இருக்கிறது. 2013இல் இதே வண்டியில் நான் அதைச் செய்து பார்த்திருக்கிறேன். பெருநகர் ஒன்றில் இருந்த கடையில், பழைய ஷாக்கே போதும் என்று சொல்லி, 35 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் நான்கையும் மாட்டி அனுப்பினார்கள். பார்ப்பதற்கு வண்டி கம்பீரமாக இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஊர் வந்து சேர்வதற்குள், வேகத்தடை ஒவ்வொன்றிலும் முன்பக்கம், சக்கரம் எல்லை மீறி மேலேறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்க ஆரம்பித்தது. சக்கரம் மேலே போவதற்கு இருந்த இடத்தில் 35 மி.மீ. குறைந்துவிட்டது. அதை ஈடுகட்ட ஸ்பிரிங்கைப் பெரிதும் கடினமாக்க வேண்டும்; அந்த ஸ்பிரிங்கோ சற்று மட்டுமே கடினம். எட்டு மாதத்தில் பம்ப் ஸ்டாப் நான்கும் நொறுங்கி, ஷாக் இரண்டு ஒழுகின. கம்பெனி ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டபோது, இரண்டு முறை கூலி கொடுத்ததைவிட, நல்ல ஷாக்குகளைப் பாழாக்கியதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அப்போது புரியாத ஒன்று பிறகு படித்துப் புரிந்தது. சீடியாவின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. கம்பெனி உயரத்தில் லோயர் ஆர்ம், சேஸியிலிருந்து சக்கரத்தை நோக்கிக் கிடையாகவோ சற்றுக் கீழ்நோக்கியோ இருக்கும். வண்டியைத் தாழ்த்தினால் அந்த ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேலேறிவிடும். உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், ஆர்மின் சரிவைப் பொறுத்தது, 30 மி.மீ. வண்டி இறங்கினால் ரோல் சென்டர் அதைவிட அதிகமாக இறங்கிவிடும். வண்டியின் எடை மையத்துக்கும் ரோல் சென்டருக்கும் உள்ள தொலைவுதான் வளைவில் உடலைச் சாய்க்கும் நெம்புகோல். தாழ்த்தியதால் எடை மையம் இறங்கியது உண்மை; ஆனால் நெம்புகோல் நீண்டுவிட்டது. கடினமான ஸ்பிரிங் அதை மறைக்கிறதே தவிர நீக்குவதில்லை. இத்துடன், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் மாறுவதால், சக்கரம் மேலே போகும்போது தானாகவே சற்றுத் திரும்பும் பழக்கமும் வந்துவிடுகிறது. ராலிக்கு ஓட்டிய சீடியாக்கள் தாழ்வாக இல்லாமல் நல்ல உயரத்தோடும் நீண்ட சக்கர ஓட்டத்தோடும் ஓடியதை, இந்த வண்டியைத் தாழ்த்த நினைப்பவர்கள் ஒரு முறையாவது எண்ணிப்பார்க்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் ஷாக்கையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும் என்பதும் வெறும் விற்பனைப் பேச்சல்ல. ஓர் எடையை ஆட்டமின்றி நிறுத்தத் தேவைப்படும் தடை, ஸ்பிரிங்கின் வலிமையினுடைய வர்க்கமூலத்தின் விகிதத்தில் உயர்கிறது. ஸ்பிரிங் 30 விழுக்காடு கடினமானால், தடை ஏறத்தாழ 14 விழுக்காடு கூட வேண்டும். புது ஷாக்கே அந்தக் கூடுதலைச் சமாளிக்கத் திணறும்போது, தளர்ந்த ஷாக் என்ன செய்யும்?

காயில்ஓவர் எனப்படும், உயரத்தை மரை திருகி மாற்றக்கூடிய முழுத் தொகுப்பு, பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களுக்கு ஏற்றது. நான்கு மூலைகளிலும் எடையைச் சமன் செய்து, சக்கரத்தின் மேற்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கேம்பர் கோணத்தைத் தடத்துக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ள அது உதவும். எங்கள் கரையில் அதன் கதை வேறு. உயரத்தை மாற்றும் வளையங்கள் பெரும்பாலும் அலுமினியம். அவை ஓடும் மரை எஃகு. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால், அது ஒரு சிறிய பேட்டரியாகவே மாறி, அலுமினியம் வெள்ளைத் தூளாகக் கரையத் தொடங்கும். அந்தத் தூள் மரையில் இறுகிப் பிடித்துக்கொண்டபின் எந்த ஸ்பானராலும் வளையத்தை அசைக்க முடியாது. ராமேஸ்வரத்தில் தெரிந்தவர் ஒருவருடைய வண்டியில் அதைப் பார்த்தேன். மரை முழுவதும் மணலும் கிரீஸும் கலந்து சிமெண்ட் போல இறுகியிருந்தது. உயரம் மாற்ற வாங்கியது ஒரே உயரத்தில் நிலைத்துவிட்டது. கூடவே, ஸ்ட்ரட் மவுண்டில் ரப்பருக்குப் பதிலாக உலோகக் கோளமூட்டு வைத்த தொகுப்புகளும் உண்டு. உப்புக் காற்றில் அவை விரைவிலேயே கறகறக்கும். எனக்கு வந்த விலைகளில், கம்பெனி வகை ஷாக்கும் ரப்பரும் முழுவதும் மாற்றும் செலவைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு இதற்குக் கேட்டார்கள். அந்தப் பணத்துக்கு இங்கே கிடைப்பது ஒரே ஒரு கோடைகாலம்.

இப்போது ரப்பருக்கு வருகிறேன். ஃபிட்டர் முதலில் காட்டிய இடம் அதுதான். இந்த ஒப்பீட்டில் மிகவும் கவனம் தேவைப்படும் இடமும் அதுதான். தேய்ந்த புஷ்ஷுக்குப் பதில் ரப்பரா, அதைவிடக் கடினமான பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளா என்ற கேள்விக்கு, கடினமானது நல்லது என்ற எளிய விடையைப் பலரும் சொல்கிறார்கள். இரண்டும் வேலை செய்யும் முறையே வேறு. ரப்பர் புஷ், வெளிக்கூட்டோடும் நடுக்குழலோடும் ஒட்டவைத்தே வார்க்கப்படுகிறது. ஆர்ம் ஏறி இறங்கும்போது எந்தப் பரப்பும் எதன்மீதும் உரசுவதில்லை. ரப்பரே முறுகி, மறுபடி நேராகிறது. உரசும் இடமே இல்லை என்பதால் மணல் நுழையவும் வழியில்லை. பாலியூரித்தேன் அப்படி முறுகாது. அது நடுவில் உள்ள எஃகுக் குழலின்மீது சுழல வேண்டும், சுழலக் கிரீஸ் வேண்டும். அந்தக் கிரீஸில்தான் தனுஷ்கோடி மணல் போய் ஒட்டிக்கொள்கிறது. நாளடைவில் குழல் துருப்பிடித்து, மணல் உப்புத்தாள் போல வேலை செய்து, ஒவ்வொரு திருப்பத்திலும் பழைய கதவு திறப்பதுபோல முனகல் கேட்கும்.

பின்பக்கத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சீடியாவின் பின்பக்கம் பல ஆர்ம்கள் கொண்ட மல்டிலிங்க் அமைப்பு. சக்கரம் ஏறி இறங்கும்போது ஒவ்வோர் ஆர்மும் தனக்குரிய வில்லில் நகர்வதால், சில புஷ்கள் முறுகுவதோடு பக்கவாட்டிலும் சாய்ந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. நீளவாட்டில் போகும் ஆர்மின் புஷ்ஷை ரப்பரின் அந்த நெகிழ்வை எதிர்பார்த்தே வடிவமைத்திருக்கிறார்கள். அங்கே இறுக்கமான பாலியூரித்தேனை வைத்தால் ஆர்ம்கள் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும். ஸ்பிரிங் வேலை செய்ய முடியாமல் புஷ்ஷே ஸ்பிரிங்காக மாறும். ஆர்மின் இரும்பில் விரிசல் விழவும் கூடும். பாலியூரித்தேனை நான் முழுவதும் ஒதுக்கவில்லை. ஸ்டெபிலைசர் கம்பியைப் பிடிக்கும் புஷ்ஷில் அது நல்லது. கழற்ற எளிது, ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்து கிரீஸ் வைக்கலாம், பலனும் ஸ்டீயரிங்கில் உடனே தெரியும். வண்டியில் அதற்கு நான் கொடுத்த இடம் அது ஒன்றுதான்.

பின் ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை தேர்வுக்கே இடமில்லை, மாற்றியே ஆக வேண்டும். கடைசிச் சுற்று கிண்ணத்தில் உட்காரும் இடத்தில் மணல் சேர்ந்து, மேற்பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுகிறது. அங்கே உப்பு தங்கிக் குழி விழுகிறது. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் அந்தக் குழியிலிருந்து விரிசல் மெல்ல மெல்ல நகர்ந்து, ஒருநாள் ஒன்றும் இல்லாத சமதரையில் நிற்கும்போதே "டங்" என்று முறியும். முறிந்த நுனி டயரைக் கிழித்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். பழைய ஸ்பிரிங்கைப் பெயிண்ட் அடித்துத் திரும்பப் போடுவது, அந்தக் குழியை மூடி மறைப்பதே ஆகும்.

சட்டத்தையும் ஒரு வரி பார்த்துவிட வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தேய்ந்த ஷாக்கை அதே வகையால் மாற்றுவது பராமரிப்பு. அதில் யாருக்கும் ஐயமில்லை. என் வண்டி 15 ஆண்டு முடிந்து 2022இல் தகுதிச் சோதனைக்குப் போய் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது; 2027இல் மறுபடியும் ஆய்வாளர் முன் நிற்க வேண்டும். தாழ்ந்து நிற்கும் வண்டியோடு அங்கே போய் வாதாட எனக்கு விருப்பமில்லை. எதைப் போட்டாலும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்து நான் எடுத்த முடிவு: முன்னும் பின்னும் கம்பெனி வகை வாயு ஷாக், கம்பெனி உயரத்து ஸ்பிரிங், ஸ்ட்ரட் மவுண்டும் அதன் பேரிங்கும், பம்ப் ஸ்டாப், தண்டை மூடும் டஸ்ட் கவர், லோயர் ஆர்ம், லிங்க்குகள் எல்லாம் புதிது, புஷ் எல்லாம் ரப்பர், ஸ்டெபிலைசரில் மட்டும் பாலியூரித்தேன். மிச்சப்பட்ட பணத்தில் நான்கு நல்ல டயர்கள். பில்ஸ்டைனை விட்டது எனக்கு வருத்தமே. மதுரையிலோ திருச்சியிலோ குடியிருந்திருந்தால், கை நடுங்காமல் அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். அங்கே வசிப்பவர்களுக்கு என் பரிந்துரையும் அதுவே. ஆனால் ரப்பரை முடித்துவிட்டுப் போடுங்கள்.

மாட்டிய நாளில் பார்த்த ஒன்றை எழுதியே ஆக வேண்டும். பெரும்பாலான பட்டறைகளில் வண்டி லிஃப்டில் தொங்கும்போதே லோயர் ஆர்ம் போல்ட்டுகளை முழுவதும் முறுக்கிவிடுகிறார்கள். சக்கரம் தொங்கும்போது ஆர்ம் கீழே சாய்ந்திருக்கிறது. அந்த நிலையில் நடுக்குழலை இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகியே நிற்கும். புது புஷ் ஒரே ஆண்டில் கிழிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், பழி மட்டும் ரப்பரின் தரத்தின்மீது விழும். எங்கள் ஃபிட்டர் போல்ட்டுகளைக் கைப்பிடிப்புக்கு மட்டும் விட்டுவிட்டு, ஜாக்கியை லோயர் ஆர்முக்கு அடியில் கொடுத்து, வண்டியின் எடை ஸ்டாண்டிலிருந்து விலகி ஜாக்கிக்கு வரும் வரை ஏற்றினார். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து, காலையில் அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்த எண்ணோடு ஒப்பிட்டார். எண் சரியாக வந்தபிறகுதான் டார்க் ரெஞ்சை எடுத்தார். போல்ட்டின் உடம்பில் துருத்தடுப்புக் கிரீஸை மெலிதாகத் தடவி, மரையில் படாமல் துடைத்தார். எட்டு போல்ட்டுக்கும் அதே பொறுமை. ஸ்பிரிங்கைக் கழற்றும்போது கம்பிரஸரின் இரண்டு கொக்கிகளும் எதிரெதிரே சமமாக இருக்கின்றனவா என்று பார்க்காமல் ஒரு சுற்றுக்கூடத் திருகவில்லை. நசுக்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளையே கொன்றுவிடும் என்று பக்கத்தில் நின்ற பையனிடம் சொல்லிக்கொண்டே செய்தார். அலைன்மெண்டை அன்றே போட வேண்டாம், இருநூறு கி.மீ. ஓட்டி ஸ்பிரிங் உட்கார்ந்தபின் வாருங்கள் என்றார். நேராக ஓடும் அளவுக்கு சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவான டோவை மட்டும் சரிபார்த்து அனுப்பினார்.

அன்று மாலையே பாம்பன் பாலத்துக்குப் போனேன். ஜாயிண்டுக்கு இரண்டே சத்தம், இரண்டும் அடங்கிய சத்தம். தெற்கிலிருந்து காற்று பலமாகத்தான் இருந்தது. ஸ்டீயரிங்கைத் திருத்தும் வேலை கைக்கு வரவில்லை. வண்டி சாய்வது 2007இல் சாய்ந்த அளவுக்கு இருக்கிறது. அதைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எழவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை என்று குறித்துவைத்திருப்பது இரண்டு. தனுஷ்கோடி போய் வந்த நாளெல்லாம், கிணற்று நீர் உப்பாக இருப்பதால் குடிநீர் லாரியில் வாங்கிய தண்ணீரில், ஸ்பிரிங் கிண்ணத்துக்குள் குழாயை நீட்டி மணல் வெளியே வரும் வரை கழுவ வேண்டும். பின்பக்க நீள ஆர்மின் புஷ்கள் அன்று கிடைக்கவில்லை; அவற்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறது. வாடை தொடங்குவதற்குள் வந்து சேர்ந்தால், அதே ஃபிட்டரிடம், அதே சாக்பீஸ் எண்ணை வைத்து மாட்டிவிடலாம்.